நந்தனும் நெருப்பும்: ஒரு பக்திப் படத்தின் கருத்துநிலை

தமிழிற் பேசும் படம் தோன்றிய முதற் பதினைந்து ஆண்டுகளுள் வெளிவந்த பக்திப் படங்களில், இன்றும் பெயர் சொல்லிப் போற்றப்படுவன மிகச் சிலவே. எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, முருகதாசாவின் நெறியாள்கையில் 1942 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நந்தனார்’ அவற்றுள் முதன்மையானது. நந்தனாராக எம். எம். தண்டபாணி தேசிகரும், அவரை அடக்கியாளும் வேதியராகச் செருகளத்தூர் சாமாவும் நடித்தனர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளும், பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் அப்படத்தில் இடம்பெற்றன. தேசிகரின் குரல் அப்பாடல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இப்படத்தைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக இரண்டு புகழுரைகளைக் கூறுவர். ஒன்று, அது இசையாலும் பக்தியாலும் உயர்ந்த படம் என்பது. மற்றையது, தீண்டாமைக்கு எதிராகக் குரலெழுப்பிய சீர்திருத்தப் படம் என்பது. முதலாவதை மறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆராயாது ஏற்றுக்கொள்ளப்பட்டு வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு பிழை. ‘நந்தனார்’ தீண்டாமையைக் கண்டிக்கவில்லை. தீண்டாமைக்குக் கண்ணீரால் ஒரு மன்னிப்பை வழங்கியது. இக்கூற்றுக் கடுமையானதாகத் தோன்றலாம். கதையின் வரலாற்றையும், படம் வெளிவந்த காலத்தையும் ஒருங்கே வைத்து நோக்கின் இது கடுமையன்று, குறைந்தபட்ச உண்மை என்பது புலனாகும்.

நந்தன் கதை ஒரே நாளில் உருவானதன்று. சுந்தரமூர்த்தி நாயனார் தமது திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாரின் பெயரைச் சுட்டி வணங்குவதோடு அமைகின்றார். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதிச் செய்யுளில் அவரின் குலத்தையும், தில்லையில் அவர் முனிவராகத் தொழப்பட்டதையும் குறிப்பிடுகின்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், சோழப் பேரரசின் நிழலில் வாழ்ந்த சேக்கிழாரே இக்கதைக்கு விரிந்த வடிவம் தந்தவர். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழும் நந்தன், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்து வருகின்றார். திருப்புன்கூரில் வெளியே நின்றவாறே இறைவனைக் காண விழைகின்றார். இறைவன் நந்தியை விலகச் செய்கின்றான். தில்லைக்குச் சென்று எல்லையில் நின்று ஏங்குகின்றார். இறைவன் கனவிலே தோன்றி, தீயில் மூழ்கி வருமாறு பணிக்கின்றான். அந்தணர்க்கும் அவ்வாறே கட்டளை பிறக்கின்றது. தென்வாயிற்புறத்தே தீ வளர்க்கப்படுகின்றது. அத்தீயிற் புகுந்தவர், பூணூலும் சடையும் கொண்ட முனிவராக வெளிவந்து, கோயிலினுட் சென்று மறைகின்றார்.

இக்கதையை ஊன்றிப் படிப்போர்க்கு இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலாவது, அடியவர் உழைப்பின் பயன் கோயிலினுள் என்றுமே அனுமதிக்கப்பட்டிருந்தது. தோல் உள்ளே சென்றது. அத்தோலைப் பதப்படுத்திய கை வெளியே நின்றது. நரம்பு கருவறைக்கு முன் ஒலித்தது. அதை முறுக்கியவன் ஊரெல்லையில் நின்றான். இரண்டாவது, ஈற்றில் உட்சென்றவர் நந்தனல்லர். புலைப்பாடியிற் பிறந்த அம்மனிதன் தீயோடு முடிந்துபோனான். வாயிலைக் கடந்தது பூணூல் அணிந்த ஒரு முனிவடிவம். அவ்வடிவமும் வாழ்ந்து, மறுநாளும் வந்து, சந்நிதியிலே நின்று தொழுததாகக் கதை கூறவில்லை. கதவு ஒருவருக்காக ஒருமுறை திறந்தது. அவர் தம் உருவை இழந்த பின்னரே திறந்தது. அவரின் உறவினரும் ஊரவரும் அன்றும் வெளியிலேயே நின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கதையைக் கையேற்ற கோபாலகிருஷ்ண பாரதியார், சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார். நிலவுடைமையாளரான வேதியரே அப்பாத்திரம். பெரியபுராணத்து நந்தன் தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, நாளை போவேன், நாளை போவேன் என நாட்கடத்துகின்றார். கீர்த்தனையின் நந்தனோ பண்ணையாள். ஒரு நாள் விடுப்புக்காகக் கெஞ்சுகின்றவர். தயக்கம் அகத்திலிருந்து புறத்துக்கு மாறியது. தஞ்சை மாவட்டத்து மிராசுதாரையும் அவரின் அடிமை உழைப்பையும் கண்ணாரக் கண்ட ஒருவர் மாத்திரமே இம்மாற்றத்தைச் செய்திருக்க முடியும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வழங்கத் தொடக்கத்தில் தயங்கினார் என்பதும், இலக்கணப் பிழைகளைக் காரணமாகக் கொண்டார் என்பதும் உ. வே. சாமிநாதையர் வாயிலாக அறியப்படும் செய்திகள். புலவர் தயங்கினும் மக்கள் தயங்கவில்லை. கதாகாலட்சேப மேடைகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் நந்தன் சரித்திரம் பல தசாப்தங்கள் வாழ்ந்தது.

எனினும் பாரதியார் தாம் திறந்த வாயிலைத் தாமே மூடினார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் செல்லலாம் என வேதியர் கட்டளையிடுகின்றார். ஓரிரவில் இறையருளால் அவ்வேலை முடிந்துவிடுகின்றது. வியந்து நின்ற வேதியர் நந்தனின் காலில் விழுகின்றார். பக்தியின் வெற்றியாகக் காட்டப்படும் இந்நிகழ்ச்சியின் கணக்கைச் சற்றே பார்த்தல் தகும். பண்ணையாளுக்கு விடுப்புக் கிடைக்கின்றது. பண்ணையாருக்கு ஒரு மணி நெல்லும் நட்டமில்லை. அடிமை உழைப்பின் தேவை நீக்கப்படவில்லை. அவ்வுழைப்பைத் தெய்வமே செய்து கொடுத்துவிடுகின்றது. மிராசுதாரின் மனம் மாறுவதற்கு முன்னர் அவரின் களஞ்சியம் நிரம்ப வேண்டியிருந்தது.

இந்த மரபையே சினிமா பெற்றுக்கொண்டது. 1935 ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாதையர் வேதியராகவும் நடித்த படம் வெளிவந்தது. அப்படத்துக்காகச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபா என்பது அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. ஏழு ஆண்டுகளின் பின்னர் வாசனின் படம் வந்தது. கதை மாறவில்லை, கதையைக் காணும் முறை மாறியது. புராணத்தில் ஒரு செய்யுளாகவும், காலட்சேபத்தில் ஒரு வருணனையாகவும் இருந்த தீ, திரையிலே கண்ணெதிரே எரிந்தது. சொல்லாக இருந்தபோது கேட்போன் அதனைப் பிறவித் தளை நீங்குவதன் குறியீடாகக் கொள்ள இடமிருந்தது. படிமமாக மாறியபோது அவ்விடம் சுருங்கிற்று. மனிதன் ஒருவன் நெருப்பை நோக்கி நடக்கின்றான், இசை உயர்கின்றது, கூட்டம் கைகூப்புகின்றது, கொட்டகையில் இருப்போரும் கைகூப்புகின்றனர். அவனை ஏன் நடக்கவிட்டீர்கள் என்று கேட்பதற்கு அங்கு எவருமில்லை. பார்வையாளன் வெளியே வரும்போது கண்களைத் துடைத்துக்கொள்கின்றான். தான் நந்தனின் பக்கம் நின்றதாக நம்பி வீடு செல்கின்றான். அவன் வீட்டுக் கிணற்றடியிலோ கோயில் வாசலிலோ எதுவும் மாறவில்லை.

இங்கு படம் வெளிவந்த ஆண்டு கவனத்துக்குரியது. 1924, 1925 ஆம் ஆண்டுகளில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. 1933, 1934 ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்தார். 1936 ஆம் ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர் மன்னரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது. 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட சிலர் சென்று வழிபட்டனர். எதிர்த்த அர்ச்சகர்கள் இருந்தனர். வழக்குகளும் வசைகளும் எழுந்தன. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

மதுரையில் எவரும் தீ மூட்டவில்லை. உட்சென்றவர்கள் பூணூலோடு வெளிவரவில்லை. எப்பிறப்பினராய்ச் சென்றனரோ அப்பிறப்பினராகவே தொழுதுவிட்டுத் திரும்பினர். மறுநாளும் உயிரோடிருந்தனர். கக்கன் பின்னாளில் சென்னை மாநில அமைச்சராகவும் பணியாற்றினார். இந்நிகழ்ச்சி நடந்து மூன்றாண்டுகளின் பின்னரே 1942 ஆம் ஆண்டுப் படம் நந்தனைத் தீயிலே நடக்கவைத்தது. நாட்டு மக்கள் கால்களால் நடந்து தீர்த்த ஒரு பிரச்சினையைத் திரை மீண்டும் நெருப்புக்குள் கொண்டுசென்றது. காலத்துக்கு முந்திய துணிவு எனப் போற்றப்படும் படம், காலத்துக்கு மூன்றாண்டுகள் பிந்தியிருந்தது என்பதே வரலாறு காட்டும் உண்மை.

இதற்கு எதிராகக் கூறப்படக்கூடிய வாதங்கள் மூன்று. அவற்றைப் புறக்கணிப்பது நேர்மையாகாது.

முதலாவது, புராணக் கதையை எடுத்தாளும் கலைஞன் அதன் முடிவை மாற்ற இயலாது என்பது. இவ்வாதம் வரலாற்றால் மறுக்கப்படுகின்றது. சேக்கிழாரிடம் இல்லாத வேதியரைப் பாரதியார் படைத்தார். பாரதியாரிடம் இல்லாத பாடல்களையும் காட்சிகளையும் படத்தயாரிப்பாளர் சேர்த்தனர். சேர்க்கும் உரிமை இருந்தவருக்கு, தீயின் பொருளைக் கேள்விக்குட்படுத்தும் உரிமை மாத்திரம் இல்லாமற்போனது எங்ஙனம்? மரபு என்பது இங்கு தடையாகவன்று, சாட்டாகவே தொழிற்பட்டது.

இரண்டாவது, இது நம்பிக்கை சார்ந்த விடயம். சமூகவியல் அளவுகோல் இதற்குப் பொருந்தாது என்பது. அவ்வாறாயின் சமயத்தின் அளவுகோலையே கொள்வோர்க்கும் விடை கிடைக்கின்றது. அதே பெரியபுராணத்திற் கண்ணப்பர் வருகின்றார். வேடர் குலத்தவர்; வாயில் நீர் கொணர்ந்து ஆட்டியவர்; தாம் சுவைத்த ஊனைப் படைத்தவர். சிவகோசரியாருக்கு அது அநுசிதமாகத் தோன்றியது. காளத்தியில் இறைவன் திருத்தியது வேடனையன்று, வேதியரை; வேடனின் அன்பை மறைந்திருந்து காணுமாறு பணித்தது அவரையே. கண்ணப்பர் இரண்டாவது கண்ணைத் தோண்ட முனைந்தபோது இறைவன் அவர் கையைப் பற்றித் தடுத்தான். காளத்தியிற் கையைப் பற்றிய தெய்வம் தில்லையில் நெருப்பைக் காட்டுவதேன்? காளத்தி காட்டிலிருந்தது, அங்கு மதிலில்லை, வாயிலில்லை, வாயிலுக்கு உரிமை கோருவோருமில்லை. திருப்புன்கூரிற் கல் நந்தியை விலக்கிய இறைவன், தில்லையில் மனிதரை விலக்கவில்லை. ஆதலின் தீயைத் தெய்வத்தின் விருப்பம் என்று கொள்வதைவிட, வாயிலைக் காத்து நின்ற சமூகத்தின் விருப்பம் தெய்வத்தின் குரலிற் பேசியது என்று கொள்வதே சைவத்துக்குப் பெருமை தரும். படத்தை விமர்சிப்போர் பக்தியின் பகைவரல்லர். அன்பே சிவம் என்பதை உள்ளவாறே நம்புவோர்க்கும் இக்கேள்வி உரியதே.

மூன்றாவது, அக்காலத்துச் சூழலில் இதற்குமேற் சொல்ல இயலாதிருந்தது என்பது. அக்காலத்திலேயே சொன்னவர்கள் இருந்தனர். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்ற சிறுகதையைப் படத்துக்கு முன்னரே எழுதிவிட்டார். நாயன்மாரின் பெயரை இருபதாம் நூற்றாண்டுக்குக் கொணர்ந்து, சீர்திருத்தத்தின் சுயதிருப்தியை ஈவிரக்கமின்றி எள்ளிய கதை அது. அதற்கும் முன்னர், 1916 ஆம் ஆண்டில், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே நந்தனாரின் பெயரால் ஒரு பாடசாலையைத் தொடக்கினார். நந்தன் தீப்புகுந்ததாகக் கூறப்படும் அதே ஊரில், நந்தனின் குலத்துப் பிள்ளைகள் ஏடெடுத்து எழுதப் பழகினர். படத்தின் இறுதிக் காட்சியையும் அப்பாடசாலையின் வகுப்பறையையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, நந்தனை உண்மையில் நினைவுகூர்ந்தவர் யாவர் என்பதில் ஐயம் எழாது. அம்பேத்கர் 1948 ஆம் ஆண்டில் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர் போற்றியது அம்மூவரின் பக்தியையும் ஒழுக்கத்தையுமே. அவர்கள் தம் பிறப்பைக் கழற்றி எறிந்ததை அன்று.

நெருப்பின் கதை திரையோடு முடிந்திருப்பின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பண்ணையாளுக்குரிய விடுப்பும் கூலியும் தஞ்சையில் இறையருளால் வரவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு கேட்டதன் விளைவாகவே 1952 ஆம் ஆண்டில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் 1968 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியிற் கூலியுயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட தொழிலாளரின் குடும்பத்தவர் நாற்பத்துநால்வர் ஒரு குடிசையினுள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்நெருப்பிலிருந்து எவரும் முனிவராக வெளிவரவில்லை. ஒரு திரைப்படம் இக்கொலைக்குக் காரணம் என்று கூறுவது அறிவீனம். ஆயின் தாழ்த்தப்பட்டவன் நெருப்பிற் புகுவதை அழகான காட்சியாகக் காண ஒரு சமூகம் பல தலைமுறைகளாகப் பழகியிருந்தது என்பதும், அப்பழக்கத்தை மிக இனிய இசையோடு பரப்பியது இப்படம் என்பதும் மறைக்க வேண்டிய உண்மைகளல்ல. கீழ்வெண்மணியைக் கருவாகக் கொண்டு 1975 ஆம் ஆண்டில் ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதியே, 1978 ஆம் ஆண்டில் ‘நந்தன் கதை’ நாடகத்தையும் எழுதினார் என்பது தற்செயலன்று. அந்நாடகத்திற் தீ அருளாகத் தோன்றவில்லை. ஆதிக்கத்தினரின் சூழ்ச்சியாகவே தோன்றுகின்றது.

ஈழத்துத் தமிழருக்கும் இவ்விவாதத்திற் பங்குண்டு. நாவலர் 1852 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் வழி நந்தன் கதையை இங்கு தலைமுறைகள் கற்றன. அக்கதைக்குக் கண்ணீர் விட்ட அதே யாழ்ப்பாணத்தில், 1957 ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் பெருங்கோயில்களின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மூடியேயிருந்தன. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அம்மக்கள் நாட்கணக்கில் அமர்ந்து போராடினர். அவர்களை எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர், இந்நாட்டுப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக இருந்த சி. சுந்தரலிங்கம். உயர்கல்வி மாத்திரம் ஒருவரை வாயிலின் சரியான பக்கத்தில் நிறுத்திவிடாது என்பதைப் பல்கலைக்கழக வாசகர் மனங்கொள்ளுதல் நன்று.

அதற்குச் சற்று முன்னர், 1967 ஆம் ஆண்டில், ஏ. பி. நாகராசனின் ‘கந்தன் கருணை’ என்னும் பக்திப் படம் வெளிவந்தது. அதே பெயரை எடுத்துக்கொண்டு, மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாக வைத்து, என். கே. ரகுநாதன் ஒரு நாடகம் எழுதினார். அதனை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாங்கில் ஊர் ஊராக மேடையேற்றினர். அங்கு கந்தனின் கருணை, வெளியே நிற்கும் அடியவனைப் பொசுக்கித் தூய்மைப்படுத்துவதில் இல்லை. அவனோடு சேர்ந்து வாயிலில் நிற்பதில் இருக்கின்றது. தெய்வமும் அடியவனும் பற்றிய ஒரு கலைப்படைப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்கு, பெருஞ்செலவிற் படமெடுத்த எந்த நிறுவனமும் தராத விடையை, ஒரு கூத்துக்குழு மண்மேடையிற் தந்தது.

கோயில் நுழைவு முடிந்துபோன பழங்கதை என்று கருதுவோர் அண்மைக்காலச் செய்திகளை நோக்குதல் வேண்டும். 2023 ஆம் ஆண்டு ஜனவரியில், திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், தலைமுறைகளாகத் தடுக்கப்பட்டிருந்த தலித் மக்கள் மாவட்ட நிருவாகத்தின் துணையோடும் காவற்றுறையின் பாதுகாப்போடும் முத்துமாரியம்மன் கோயிலினுட் சென்றனர். அதே ஆண்டு ஜூனில், விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், இதே பிணக்கினால் திரௌபதி அம்மன் கோயில் முத்திரையிடப்பட்டது. ‘நந்தனார்’ வெளிவந்து எண்பதாண்டுகளின் பின்னரும் ஒரு கோயில் வாயிலுக்குக் காவற்படை தேவைப்பட்டிருக்கின்றது. அவ்வளவு கண்ணீரும் என்ன செய்தது என்ற கேள்வியை இனியும் ஒத்திவைக்க இயலாது.

தேசிகரின் பாடல்களை எவரும் மறக்க வேண்டியதில்லை. படத்தை எரிக்கவோ தடுக்கவோ வேண்டியதுமில்லை. எரிப்பது இக்கதையில் வேண்டிய அளவுக்கு நடந்துவிட்டது. வேண்டுவது ஒன்றே. அப்படத்தைச் சீர்திருத்தப் படம் என்று மாணவர்க்குக் கற்பிப்பதை நிறுத்துதல் வேண்டும். இறுதிக் காட்சியிற் கைகூப்பி நிற்கும் கூட்டத்தை நோக்கி, அடியவனின் பிறப்பிற் குற்றமில்லையெனின் தீ எதற்கு என்று கேட்கும் பழக்கம் வகுப்பறையில் தொடங்குதல் வேண்டும். தென்வாயிலில் மூட்டப்பட்ட தீ யாரைத் தூய்மைப்படுத்த வேண்டியிருந்ததோ, அவர்கள் அனைவரும் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தனர்.